டாக்டர் சுப்பா ராவ்: முடங்கிய விரல்களை விரித்த தேசபக்தர்

டாக்டர் எல்லாப்பிரகட சுப்பா ராவ் 1948ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் காலமானார். பாரத நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருஷம் பூர்த்தியாக ஒரு வாரமே பாக்கியிருந்த சமயம் அது. அவருக்கு வயது 53. அவர் மேடை ஏறிப் பேசியவர் அல்லர். சிறை சென்றவரும் அல்லர். ஆயினும் கதர் அணிந்ததன் பலனாகச் சென்னை வைத்தியக் கல்லூரியில் தமக்கு உரிய பட்டத்தை இழந்தவர். அந்த மாணவரின் தலைமையில் பிற்காலத்தில் உருவான மருந்துகள் இன்று உலகெங்கும் உயிர் காத்து வருகின்றன. அவற்றுள் ஒன்று, முடக்குவாதத்தால் கை கால் வழங்காமற்போன இலட்சக்கணக்கானவர்களை மீண்டும் நடக்கவும் தொழில் செய்யவும் வைத்திருக்கிறது. அதை அறியாமலே அவர் இறந்தார். அதனால் நலம் பெற்றவர்களோ அவர் பெயரை அறியாமலே வாழ்கிறார்கள்.

இந்நிலை மாறவேண்டும் என்பதே நமது கருத்து. ஒரு வைத்தியரின் பெருமை அவர் எதிர்த்து நின்ற நோயின் கொடுமையை அறிந்தால்தான் விளங்கும். ஆகையால் முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டு அவர் வரலாற்றுக்கு வருவோம்.

நோயின் தன்மை

முடக்குவாதம், சரவாங்கி என்றெல்லாம் நம் நாட்டில் வழங்கும் இந்நோயை, முதுமையில் எல்லாருக்கும் வரும் முழங்கால் வலியோடு சேர்த்து எண்ணுவது பெருந்தவறு. முதுமையின் வலி மூட்டுத் தேய்வதால் வருவது. முடக்குவாதமோ உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்வதால் வருவது. நம் மூட்டுகளின் உட்புறத்தில், வழுவழுப்பான நீரைச் சுரக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று உடம்பில் அமைந்துள்ள சக்தி, பகைவன் இன்னான் என்ற நிதானத்தை இழந்து இந்தச் சவ்வின்மீது பாய்கிறது. காவலுக்கு வைத்த சிப்பாயே குடிகளைச் சுடுவது போன்ற நிலை இது. தாக்குண்ட சவ்வு வீங்கித் தடித்துக் குருத்தெலும்பின்மேல் படர்ந்து, அதையும் அதன் அடியிலுள்ள எலும்பையும் அரித்துவிடுகிறது.

இரண்டு கைகளிலும் ஒருசேர, விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் மணிக்கட்டும் வீங்குவது இந்நோயின் முதல் அடையாளம். காலையில் எழுந்ததும் விரல்கள் மரம்போல் விறைத்து நிற்கும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சென்ற பிறகே சற்று இளகும். வீட்டுப் பெண் விடியற்காலையில் கோலமிட மாவைக் கிள்ளி எடுக்க இயலாது. சேலைக் கொசுவத்தைச் செருகவும், குடத்தை இடுப்பில் ஏற்றவும், பிள்ளைக்குத் தலை பின்னவும் முடியாது. நடுப்பகலில் அதே பெண் ஏதோ ஓரளவு வேலை செய்வதைப் பார்ப்பவர்கள், காலையில் அவள் பட்ட பாட்டைப் பாசாங்கு என்று பேசிவிடுகிறார்கள். நோயினால் வரும் துன்பம் ஒரு பங்கு என்றால், நம்பாதவர்களால் வரும் துன்பம் மற்றொரு பங்கு.

வருஷங்கள் செல்லச் செல்ல விரல்கள் சுண்டுவிரற் பக்கமாகச் சாய்ந்து கோணிவிடுகின்றன. இது மூட்டோடு நிற்கும் நோயும் அன்று. காரணம் தெரியாத களைப்பு, இலேசான ஜுரம், இரத்தக் குறைவு, உடல் மெலிவு ஆகியவை உடன் வரும். கண், நுரையீரல், இரத்தக் குழாய்கள் ஆகியவற்றையும் இது தாக்கும்; இருதய நோய்க்கும் இடம் கொடுக்கும். வயது வந்தவர்களில் இருநூறு பேருக்கு ஒருவர் முதல் நூறு பேருக்கு ஒருவர் வரை இதற்கு ஆளாகின்றனர். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் 30 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில், குடும்பத்தைத் தாங்கவேண்டிய பருவத்திலேயே தொடங்குகிறது. இந்நோய்க்கு இப்போது மேல்நாட்டு வைத்தியர்கள் வழங்கும் பெயரைச் சூட்டியவர் ஆல்ஃபிரட் காராட் என்ற ஆங்கில வைத்தியர். அவர் அதைச் செய்தது 1859ஆம் வருஷத்தில். பெயர் வைத்து நூறு வருஷத்திற்கு மேலாகியும் நோயின் வேகத்தைத் தடுக்க நம்பத்தக்க மருந்து அகப்படவில்லை. அகப்பட்ட மருந்துக்கு வித்திட்டவர் ஓர் இந்தியர்.

பீமவரத்துச் சிறுவன்

சுப்பா ராவ் 1895ஆம் வருஷம் ஜனவரி 12ஆம் தேதி, அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாதம், தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் எழுவர் உள்ள குடும்பம், வருவாய் சொற்பம். சிறுவனுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்று எண்ணி வீட்டைவிட்டு ஓடினான். வீட்டார் தேடிப் பிடித்து அழைத்து வந்தனர். தகப்பனார் மறைந்தபின் குடும்பம் இன்னும் நொடித்தது. தாயார் தம் நகைகளை விற்று மகனைப் படிக்க வைத்தார் என்பர்.

ராஜமகேந்திரவரத்தில் பள்ளிப் படிப்பு நிறைவேறவில்லை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறினார். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறை தேறினார். பின்னர் ராஜதானிக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார். அக்காலத்தில் அவர் மனம் துறவை நாடியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசியாகிவிட விரும்பினார். தாயார் இணங்கவில்லை. வைத்தியம் கற்று ஏழைகளுக்குத் தொண்டு செய்வதும் துறவுக்கு ஒப்பானதே என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும் கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்ற பெரியவரும் உதவினர். அப்பெரியவரின் புதல்வி சேஷகிரியை அவர் பின்னர் மணந்தார்.

அவர் இளமையில் குடும்பத்தை ஒரு கொடிய நோய் சூறையாடியது. ஸ்ப்ரூ என்று மேல்நாட்டார் சொல்லும் கிரகணி நோய் அது. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல் கழிந்து, இரத்தம் குன்றி, மனிதன் எலும்புக்கூடாகிச் சாவான். அவருடைய சகோதரர் இருவர் ஒருவர்பின் ஒருவராக அந்நோய்க்கு இரையாயினர். பின்பு அவரையும் அது பற்றியது. சென்னையில் புகழ்பெற்றிருந்த ஆயுர்வேத வைத்தியர் டாக்டர் ஆசண்ட லக்ஷ்மீபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தெழுந்தார். சகோதரர்களைக் கொன்ற நோய்க்குக் காரணம் என்ன, மருந்து எது என்ற கேள்வி, அன்று முதல் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

கதர் அங்கி

அவர் வைத்திய மாணவராக இருந்த காலத்தில் மகாத்மா காந்தியின் அழைப்பு நாடெங்கும் பரவியது. அந்நியத் துணியை விலக்குமாறு மகாத்மா கேட்டார். கல்லூரி மாணவர் பலர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தனர். சுப்பா ராவ் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் அணியும் அங்கியையே கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு வகுப்பில் நின்றார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு என்ற வெள்ளைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகவே எழுதியிருந்தும், சுப்பா ராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அளிக்கப்பட்டது.

இது சிறு விஷயம் அன்று. அக்காலத்தில் சர்க்கார் வைத்தியப் பதவிகளுக்குப் பட்டமே வாசல். அவர் சென்னை வைத்திய இலாகாவில் சேர முயன்றார், பலிக்கவில்லை. லக்ஷ்மீபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். தம்மைப் பிழைக்க வைத்த நாட்டு வைத்தியத்தை நவீன ஆராய்ச்சி முறையில் சோதித்து நிலைநாட்ட வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்தது. அதற்கு வேண்டிய பயிற்சி நம் நாட்டில் கிடைக்கவில்லை. காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தர்மஸ்தாபனம் உதவி செய்வதாக வாக்களித்தது. மாமனாரும் பொருள் திரட்டிக் கொடுத்தார். இளம் மனைவியை விட்டுப் பிரிந்து கப்பலேறிய அவர், 1922ஆம் வருஷம் அக்டோபர் 26ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடைந்தார். அதன்பின் அவர் தாய்நாட்டு மண்ணை மிதிக்கவே இல்லை. அவர் புறப்பட்ட பிறகு பிறந்த ஆண் குழந்தை, தந்தை முகம் காணாமலே சிசுப் பருவத்தில் இறந்தது.

பாஸ்டன் நகரில்

ஹார்வர்டு சர்வகலாசாலையில் உஷ்ண தேச நோய்களுக்கான பள்ளியில் சேர்ந்தார். கையில் பணமில்லை. அவர் பெற்றிருந்த சான்றைக் கொண்டு அங்கே வைத்தியராகத் தொழில் நடத்தவும் முடியவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவுப் பணியாளாக அமர்ந்து, நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார், பகலில் படித்தார். நம் நாட்டில் அத்தொழிலைச் செய்பவரைத் தீண்டத்தகாதவர் என்று தள்ளிவைத்த சமூகத்திலிருந்து சென்றவர் அவர் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். எந்தப் பணியும் இழிவன்று என்ற மகாத்மாவின் போதனையை, கடலுக்கு அப்பால், ஒருவரும் காணாத இடத்தில் அவர் நடத்திக் காட்டினார்.

பிறகு உயிர் ரசாயனத் துறையில் ஸைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்வரத்தை அளக்கும் முறையொன்றை இருவரும் 1925ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். இருவர் பெயராலும் வழங்கும் அம்முறையைப் பிற்கால மாணவர்கள் பல தலைமுறைகளாகப் பாடமாகப் படித்துவந்தனர். 1927ஆம் வருஷத்தில் தசைகளில் உள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும், 1929ஆம் வருஷத்தில் ஏ.டி.பி. என்று சுருக்கமாக வழங்கும் பொருளையும் கண்டறிந்தனர். பின்னதை அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் தனியாகக் கண்டறிந்தார். கை அசைவது முதல் கண் இமைப்பது வரை உடம்பின் ஒவ்வொரு செயலுக்கும் சக்தியைக் கொண்டு செலுத்தும் நாணயம் இந்த ஏ.டி.பி.தான். 1930ஆம் வருஷத்தில் சுப்பா ராவ் டாக்டர் பட்டம் பெற்றார். இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிட்டவில்லை.

1940ஆம் வருஷத்தில், நியூயார்க்குக்கு அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஸ்தாபனத்தில் சேர்ந்தார். இரண்டே வருஷத்தில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அடுத்த ஆறு வருஷ காலத்தில் அவர் தலைமையில் நடந்த வேலைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு மனிதரின் ஆயுளுக்குள் இவை அடங்குமா என்ற வியப்பு உண்டாகிறது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து அங்கே வெளிவந்தது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை ஒழிக்கும் ஹெட்ரஸான் என்ற மருந்தும் அங்கிருந்தே வந்தது. யானைக்கால் நோயைச் சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் புதிதாக அறிமுகம் செய்யவேண்டியதில்லை. பிற்காலத்தில் நம் ஊர்களில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வருஷத்திற்கு ஒரு முறை கொடுத்த மாத்திரை அதுவே. கொடுத்தவருக்கும் விழுங்கியவருக்கும் அதன் பின்னால் நின்ற சென்னை மாணவரைத் தெரியாது.

கீரையில் இருந்த சத்து

லெடர்லியில் அவர் முதன்மையாக மேற்கொண்ட வேலை, இளமையில் நெஞ்சில் தைத்த கேள்வியைப் பற்றியதே. பம்பாயில் லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர், 1928ஆம் வருஷம் முதல் ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிப் பெண்களின் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்டிலிருந்து செய்த உணவு அதைத் தீர்ப்பதைக் கண்டார். அந்த உணவிலுள்ள எந்தச் சத்து இந்தக் காரியத்தைச் செய்கிறது என்பது பல வருஷம் புலப்படவில்லை. 1941ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் வேறு ஆராய்ச்சியாளர்கள் கீரையிலிருந்து அச்சத்தைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஆனால் டன் கணக்கான கீரையிலிருந்து கிடைத்தது இம்மியளவே. அதன் அமைப்பைக் கண்டறிந்து, ரசாயன சாலையிலேயே செய்து, ஏழைக்கும் எட்டும்படி ஆக்கியது சுப்பா ராவ் தலைமையில் உழைத்த குழு. 1945ஆம் வருஷத்தில் அந்த வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவருடைய சகோதரர்களை வீழ்த்திய ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாகப் பயன்படுவது விரைவில் தெரியவந்தது. இன்று நம் கர்ப்பிணிப் பெண்களுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் உள்ளது இதுவே.

குழுவினர் வெளியிட்ட கட்டுரைகள் பலவற்றில் அவர் தம் பெயரைச் சேர்க்கவில்லை. உழைத்தவர் பெயர் முன்னே நிற்கட்டும் என்று ஒதுங்கினார். இன்று அவர் பெயர் மங்கிக் கிடப்பதற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம்.

திறக்காத சாவி

ஃபோலிக் அமிலத்தின் அமைப்பு தெரிந்த பிறகு மற்றொரு யோசனை எழுந்தது. உயிரணுக்கள் பெருகுவதற்கு இந்தச் சத்து இன்றியமையாதது. புற்றுநோயிலோ உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. ஆகவே பார்வைக்கு ஃபோலிக் அமிலம் போலவே இருந்து, அதன் வேலையைச் செய்யாத ஒரு பொருளைப் புகுத்தினால், பூட்டில் நுழைந்தும் திறக்காத சாவியைப் போல் அது வழியை அடைத்துக்கொள்ளும் அல்லவா? சுப்பா ராவின் குழுவினர் அத்தகைய பொருள்களைச் செய்தனர். அவற்றுள் அமினாப்டெரின் என்பதை பாஸ்டனில் ஸிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர், இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். தற்காலிகமாகவேனும் நோய் தணிந்ததை 1948ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அவர் பிரசுரித்தார். அதற்கு முன் அந்நோய் வந்த குழந்தைக்கு வைத்தியரால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. அமினாப்டெரினுக்குத் தம்பியாக அதே சாலையில் பிறந்த மற்றொரு பொருள்தான் மெதோட்ரெக்ஸேட்.

ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து சுமார் இரண்டு மாதத்தில் சுப்பா ராவ் மாரடைப்பால் காலமானார். இந்தியர்கள் அமெரிக்கப் பிரஜைகளாவதற்கு நெடுங்காலம் இருந்த தடையை 1946ஆம் வருஷத்துச் சட்டம் நீக்கியிருந்தது. ஆயினும் அவர் அந்நாட்டுப் பிரஜையாகாமலே, இந்தியராகவே இறந்தார். சேஷகிரி அம்மையார் இங்கேயே இருந்து கணவரின் மரணச் செய்தியைக் கேட்டார்.

ஒதுக்கப்பட்ட மருந்து

முடக்குவாதத்திற்கும் இந்த வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு இதன்பின் தொடங்குகிறது. சுப்பா ராவ் இறந்த மறுமாதம், 1948 செப்டம்பரில், அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலையில் ஃபிலிப் ஹெஞ்ச் என்பவர் கார்ட்டிஸோன் என்னும் மருந்தை ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தினார். சில தினங்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். உலகமே அதிசயித்தது. 1950ஆம் வருஷத்தில் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நாளடைவில் அம்மருந்தின் மறுபக்கம் தெரிந்தது. நீடித்துச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு உளுத்தது, நீரிழிவு கண்டது, முகம் ஊதியது, தொற்று நோய்கள் எளிதில் பற்றின.

1951ஆம் வருஷத்தில் குப்னர் என்ற வைத்தியரும் அவர் சகாக்களும் அமினாப்டெரினை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்து, வீக்கமும் வலியும் தணிந்ததைத் தெரிவித்தனர். கார்ட்டிஸோனைப் பற்றிய ஆரவாரத்தில் அதை யாரும் செவிமடுக்கவில்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தை மூட்டு நோய்க்குக் கொடுப்பதா என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. முப்பது வருஷத்திற்கு மேல் அந்த மருந்து ஓரமாகக் கிடந்தது. 1980க்குப் பிறகே, வாரத்திற்கு ஒரு முறை மிகக் குறைந்த அளவில் மெதோட்ரெக்ஸேட்டைக் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். பலன் ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது. 1988ஆம் வருஷத்தில் அமெரிக்க சர்க்கார் முடக்குவாதத்திற்கு அதை அங்கீகரித்தது. இன்று இந்நோய்க்கு உலகெங்கும் வைத்தியர்கள் முதலில் எடுக்கும் மருந்து அதுவே. விலையும் குறைவு. அதற்குப் பின் வந்த புதிய மருந்துகள் பல, ஏழைகள் தொடமுடியாத விலையுள்ளவை. அவற்றையும் பெரும்பாலும் இதனோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. குறைந்த அளவில் கொடுக்கும்போது இம்மருந்து அடினோஸின் என்னும் பொருளை மூட்டைச் சுற்றிப் பெருகச் செய்து வீக்கத்தைத் தணிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகின்றனர். அந்த அடினோஸின், 1929ஆம் வருஷத்தில் சுப்பா ராவ் கண்டறிந்த ஏ.டி.பி.யின் ஓர் அங்கம். மேலும் இம்மருந்தால் வாய்ப்புண், குமட்டல் முதலிய தொல்லைகள் வராதிருக்க, வேறொரு கிழமையில் ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஆக, முடக்குவாதக்காரரின் மருந்துப் பையில் இருக்கும் இரண்டு மாத்திரைகளுமே அந்தக் கதர் மாணவரின் சாலையில் உருவானவை.

வேடிக்கை ஒன்றையும் சொல்லவேண்டும். எந்தச் சென்னை வைத்தியக் கல்லூரி அவருக்குப் பட்டம் மறுத்ததோ, அதே கல்லூரியில் இன்று மூட்டு நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. முடக்குவாத நோயாளிகளுக்கு அங்கேயும் சுப்பா ராவின் மருந்தையே எழுதிக் கொடுக்கிறார்கள். வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபம் போன இடம் தெரியவில்லை; கதர் அங்கி போட்டவரின் தொண்டு நிற்கிறது.

நம் கடமை

1995ஆம் வருஷத்தில் அவர் நூற்றாண்டையொட்டி இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது. அது போதுமா? போதாது என்பதே நம் அபிப்பிராயம். அவர் தேடித் தந்த பலன் உரியவரைச் சென்று சேர்வதற்குத் தடையாக நிற்பது இன்று மருந்துப் பஞ்சம் அன்று, அறியாமை. முடக்குவாதம் மூட்டை அரிக்கத் தொடங்குவது முதல் சில மாதங்களிலேயே. அப்போது சிகிச்சை தொடங்கினால் விரல்களைக் காப்பாற்றலாம். கோணிய பிறகு வந்தால் மேலும் கோணாமல் தடுக்கலாமே ஒழிய, போன எலும்பைத் திருப்ப முடியாது. நம் ஜனங்களோ அந்த அருமையான மாதங்களைத் தைலம் தேய்ப்பதிலும், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதிலும் கழித்துவிடுகிறார்கள். வலி மாத்திரை வலியை மறைக்கும், அரிப்பை நிறுத்தாது. பெயர் தெரியாத பொடிகளிலும் உருண்டைகளிலும் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்கும் வஞ்சகரும் உண்டு. அவற்றால் வலி மாயமாய் மறைவது கண்டு மயங்கி, எலும்பு உளுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

செங்கற்பட்டு ஜில்லாவை எடுத்துக்கொள்வோம். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளில் நாள் முழுதும் இயந்திரத்தின்முன் நிற்பவருக்கு விரல்களே மூலதனம். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பிக்கும் அப்படியே. கருங்கல்லைச் செதுக்கும்போது எழும் தூசியைப் பல வருஷம் சுவாசிப்பவர்களுக்கு, நுரையீரல் நோய் மட்டுமின்றி முடக்குவாதம் வரும் வாய்ப்பும் அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பீடியும் சிகரெட்டும் அந்த அபாயத்தை இன்னும் வளர்க்கின்றன. கல்லை நனைத்துச் செதுக்குவதும், மூக்கையும் வாயையும் தக்கபடி மூடிக்கொள்வதும், புகையை விடுவதும் சிற்பியின் நுரையீரலோடு அவன் விரல்களையும் காக்கும் முறைகள். இதைப் பட்டறைதோறும் சென்று சொல்வது தேசத் தொண்டு அன்றி வேறென்ன?

மருந்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லவேண்டியவை உண்டு. மெதோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடவேண்டியது. தவறுதலாகத் தினந்தோறும் சாப்பிட்டு இரத்த அணுக்கள் குன்றி உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே எந்தக் கிழமை என்பதை வீட்டிலுள்ள எல்லாரும் அறிந்திருக்கவேண்டும். குறித்த காலத்தில் இரத்தத்தையும் ஈரலின் நிலையையும் சோதித்துக்கொள்ளவேண்டும். மதுவை நெருங்கக்கூடாது. கர்ப்பிணிகள் இதைத் தொடலாகாது. பிள்ளைப்பேற்றை நாடுபவர்கள் முன்னதாகவே வைத்தியரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும். அதே சமயம், இது புற்றுநோய் மருந்தாமே என்று யாரோ சொன்னதைக் கேட்டு அஞ்சிப் பாதியில் நிறுத்துவதும் தவறு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு. இதற்குக் கொடுக்கும் அளவு மிகச் சிறிது. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் சொல்லை நம்பவேண்டும். காலையில் கை மடங்கவில்லை என்று ஒரு பெண் சொன்னால், அதைச் சோம்பல் என்றோ சாக்கு என்றோ தள்ளாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவேண்டியது அவ்வீட்டு ஆண்மக்களின் கடமை. தேச ஊழியத்தில் ஈடுபட்ட நம்மவர்களில் எத்தனை பேர், நாட்டின் துயரை மேடையில் பேசிவிட்டு, வீட்டின் அடுக்களையில் வீங்கிய விரல்களோடு பாத்திரம் துலக்கும் தாயையோ மனைவியையோ கவனியாமல் விட்டிருக்கிறார்கள்! சுப்பா ராவ் பிறர் பாத்திரத்தைக் கழுவி வைத்தியம் கற்றவர். அவர் வழியில் நடக்க விரும்புகிறவன் முதலில் தன் வீட்டிலுள்ள பெண்ணின் கையைப் பிடித்துப் பார்க்கட்டும். வீக்கமிருந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதிருக்கட்டும்.